பல்செட்டுப் பெட்டிகளை வரிசைப்படுத்திய வகையில் ஏற்பட்ட சிரமம்

அன்புள்ள மைத்துனருக்கு,

தங்கள் நலம், தங்கள் துணைவியார் நலம், பிள்ளைகள் நலம் எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டு எழுதுவது. எங்கள் நலத்தைப் பற்றி அடுத்த பத்தியில் எழுதுகிறேன். முதல் பத்தியிலேயே தங்கள் மனதைக் கெடுப்பானேன். 'தாங்கள்' என்று எழுதச் சொன்னது தங்கள் அக்கா. "கோவத்துல கண்டபடி எழுதாதீங்க, அவனும் குழந்தை குட்டின்னு இருக்கறவன்" என்று சொல்லிவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எழுந்து போகும் வரை இந்த மரியாதை தொடரும்.

ஒரு போன் செய்தால் முடிகிற விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் நான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன். இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில்தான். விஷயம் இதுதான்: தங்கள் அப்பா, அதாவது என் மாமனார், பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். சனிக்கிழமை ரயிலுக்குத் தங்கள் ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பதை அவருடைய சட்டைப்பையில் நானே பார்த்தேன். அவர் வந்து இறங்கினால் தாங்கள் காப்பி கொடுங்கள், காலில் விழுந்து கும்பிடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் அங்கேயே தங்க வைத்துக்கொள்ள வேண்டாம். எப்படியாவது திருப்பி அனுப்பி வையுங்கள். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். இவ்வளவுக்கும் காரணம் தாங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த எக்செல்.

அக்கா துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். மச்சான், உனக்கு மனசாட்சி இருக்கிறதா?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கேள். நான் பல்செட் லேபில் பாலிஷ் போடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே பெஞ்ச், அதே மோட்டார். இந்த வருடம் என் வலது கைக்கு நடுக்கம் வந்தது. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் முதலில் சட்டைக்குத்தான் போகும், அப்புறம்தான் வாய்க்கு. ஒரு வக்கீலின் முன்பல்லில் கீறல் போட்டுவிட்டேன். முதலாளி நல்லவர். நேரடியாகத் திட்டமாட்டார். "பாலிஷ் போதும், நீங்க கம்ப்யூட்டர்ல உக்காருங்க. எந்தப் பெட்டி யாருக்குன்னு ஏத்தி வைங்க. அது வரலைன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்புறம் பேசிக்கலாம் என்றால் பேச ஒன்றும் இருக்காது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எங்கள் லேபில் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் நீ போனில் ஆறுதலாகச் சொன்னாய். "கவலையே படாதீங்க அத்தான். எக்செல்லு ரொம்ப சுலபம். வெறும் கட்டம்தான்." வெறும் கட்டம்தான் என்று சொன்ன அந்த வாயை நான் மறக்கமாட்டேன்.

எங்கள் தொழிலில் ஏ-ஒன், ஏ-டூ, ஏ-த்ரீ என்றால் பல்லின் நிறம். அது உனக்குத் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறு தெரியாது. முதல் பாடத்திலேயே நீ "ஏ-ஒன்ல போய் நில்லுங்க அத்தான்" என்றாய். நான் "ஏ-ஒன் நம்ம ஆளுங்க யாருக்கும் போடறதில்லையேப்பா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். வயசானவங்களுக்கு ஏ-த்ரீதான் பொருந்தும்" என்றேன். "சரி, ஏ-த்ரீல நில்லுங்க" என்று நீயும் பொறுமையாகச் சொன்னாய். நீ கட்டத்தைச் சொல்கிறாய், நான் பல்லைச் சொல்கிறேன் என்று நம் இருவருக்கும் புரிவதற்குள் உன் போனில் காசு தீர்ந்துவிட்டது. அத்தோடு போயிற்றா? வேலை அட்டையில் எழுதும் பழக்கத்தில், நிறம் என்று மேலிருந்து கீழே ஓடும் பத்தியில் சமக்குறி போட்டு ஏ-த்ரீ என்று அடித்தேன். கம்ப்யூட்டர் அதை ஏ-த்ரீ கட்டத்தில் யார் இருக்கிறார் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, அங்கே இருந்த பேக்கரிக்காரரின் பெயரைக் கொண்டுவந்து போட்டது. சாயங்காலம் பார்த்தால் பாதிப் பேருடைய பல்லின் நிறம் பேக்கரிக்காரர். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. யார் வாயில் இருப்பது சொந்தப் பல், யார் வாயில் இருப்பது எங்கள் பல் என்று வெளியில் சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் தர்மம். பல்செட் போகும் பெட்டியின் மேல்கூடப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இந்தத் தர்மத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள், கடைசியில் என்னைக் கவிழ்த்தது அதுதான்.

அடுத்தது தேதி. தேதி போட்ட இடத்தில் எல்லாம் கம்பி கம்பியாக வந்து நின்றது. நான் ஏதோ கெட்ட வார்த்தை அடித்துவிட்டதாகவும் கம்ப்யூட்டர் அதை மறைத்திருப்பதாகவும் நினைத்து, யாருக்கும் தெரியாமல் துண்டைப் போட்டுத் திரையை மூடிவிட்டு உனக்குப் போன் போட்டேன். "அது ஒண்ணுமில்ல அத்தான், பத்தி ஒடுக்கமா இருக்கு, இழுத்து அகலமாக்குங்க" என்றாய். இழுத்தேன். என் கைதான் உனக்குத் தெரியுமே, ஒரு இடத்தில் நிற்காது. தேதிப் பத்தி திரை முழுவதும் படர்ந்து, கிளினிக் பத்தி வலது பக்கமாக எங்கோ வெளியே போய்விட்டது. அதைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆயிற்று.

அப்புறம் அந்த இழுவை. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம், ஒரு கட்டத்தில் அடித்து மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும் என்று நீ சொன்ன அன்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கை நடுங்குகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? முதல் ஆளுக்கு 'செட் 1' என்று அடித்துக் கீழே வரை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் எங்கள் மாவுக்காரர் என் மேசை அருகில் நிற்கிறார். பிளாஸ்டர் மாவு கரைத்து வாய் அச்சு ஊற்றுகிறவர் அவர். எப்போதும் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாகத்தான் இருப்பார். "இந்தக் கடைசி ஆளுக்கு எத்தனை வாய்ண்ணே?" என்று கேட்டார். நான் இழுக்க இழுக்க அது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போய், பட்டியலில் கடைசியாக இருந்த ஒரு பாவப்பட்ட ஓய்வூதியக்காரருக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்கே மாட்டிவிடும் அளவுக்குப் பல்செட் எழுதி வைத்திருந்தது.

இந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷன் அவரை விட்டது, அவர் ஸ்டேஷனை விடவில்லை. நான் தாமதமாக வந்தால் வாசலிலேயே கையை மைக் மாதிரி வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்பார். "கனிவான கவனத்திற்கு. ஆறு மணிக்கு வந்து சேர வேண்டிய மாப்பிள்ளை, காய்கறிக் கடையில் நிறுத்தி வைக்கப்பட்டதால் தாமதமாக வந்து சேருகிறார். இதனால் ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்." வருந்துகிறோம் என்று சொல்வாரே ஒழிய அந்த முகத்தில் ஒரு நாளும் ஒரு சொட்டு வருத்தத்தை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் உன்னிடம் பாடம் கேட்கும்போது அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒலிபரப்புவார். "இரண்டாவது பத்திக்குச் செல்ல வேண்டிய மாப்பிள்ளை வழி தவறி ஐந்தாவது பத்தியில் நின்றுகொண்டிருக்கிறார்." உன் அக்கா சமையலறையில் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். நானும் திருப்பிக் கொடுப்பேன். இப்படித்தான் எங்களுக்குள் பொழுது போய்க்கொண்டிருந்தது.

அவருடைய பழைய பல்செட் தளர்ந்து போயிருந்தது. அறிவிப்பின் நடுவில் கீழே இறங்கிவிடும். அதனால் எங்கள் லேபிலேயே அவருக்குப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லி, என் கை ஆகாது என்பதால் வேறொருவரை விட்டு முடித்திருந்தேன். அவர் வாய் அச்சைப் பார்த்துவிட்டு, "இதை எனக்கே குடுத்துடுங்க மாப்பிள்ளை, சர்வீஸ் ஞாபகமா வச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறார். இப்போது நான் எழுதும் இந்தத் தாளின் மேலும் அவருடைய மேல்தாடைதான் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் அவரை ஏற்றும்போது கிளினிக் என்ற கட்டத்தில் என்ன போடுவது, வீடு என்று போடலாமா என்று உன்னைக் கேட்டேன். "இல்லாததை வெறுமையா விட்டுடுங்க அத்தான்" என்றாய். விட்டேன்.

இனி அந்த நாள். பட்டியலில் பெட்டி எண்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. நாற்பதுக்கு அடுத்து ஏழு, ஏழுக்கு அடுத்து பத்தொன்பது. வாழ்நாள் முழுவதும் வழவழப்பாகத் தேய்த்துப் பழகியவனுக்கு அது கண்ணை உறுத்தியது. உன்னைக் கேட்டேன். "அந்தப் பத்தியைப் பிடிச்சு, சின்னதுலேந்து பெருசுன்னு ஒரு பட்டன் இருக்கும், அழுத்துங்க. நடுவுல எது கேட்டாலும் தொடரவும்னு குடுத்துட்டே போங்க" என்றாய். அழுத்தினேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா, இல்லை இதை மட்டும் வைத்துத் தொடரட்டுமா என்று அது கேட்டது. நல்லெண்ணத்தில் கேட்டிருக்கிறது, பாவம். தேதிப் பத்தியை விரிக்கப் போய்ப் பட்ட பாடு எனக்கு நினைவுக்கு வந்தது. இனி எதையும் பெரிதாக்குவதில்லை என்று முடிவு செய்து, இதை மட்டும் என்று கொடுத்தேன். எண்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நின்றன. அழகாக இருந்தது. பெயர்களும் கிளினிக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்க, எண்கள் மட்டும் இடம் மாறி ஒருவர் பல் இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "எதைச் செஞ்சாலும் உடனே சேவ் பண்ணிடுங்க அத்தான், அதுதான் முக்கியம்" என்று நீ சொல்லியிருந்ததால் உடனே சேவ் செய்தேன். சேவ் ஆனதா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறையும் செய்தேன். பட்டியலைப் பார்த்துப் பெட்டிகள் எல்லாம் கிளினிக்குகளுக்குப் போயின. மாமாவுடையதை மட்டும் நானே ஷீட்டைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, என் கையால் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்த விஷயத்தில் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

பெட்டியை அவரிடம் கொடுத்து, எல்லோருக்கும் சொல்கிற மாதிரி சொன்னேன். "புதுசா இருக்கறப்போ கொஞ்சம் வலிக்கும் மாமா. பல்லு மேல தப்பிருக்காது, வாய்தான் பழகணும். கழட்டாம போட்டுக்கிட்டே இருங்க." பிறகு லேப்டாப்பைத் திறந்து என் எண் வரிசையை ரசிக்க உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல எதிரில் வந்து கையை மைக் ஆக்கினார். அன்று எனக்குத் தலைவலி. மோட்டார் பெஞ்சில் என் இடத்தில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருங்க மாமா" என்று கத்திவிட்டேன். அவர் கையை இறக்கிக்கொண்டு, பல்செட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தன் அறைக்குப் போனார். மூடிய வாய்தான், மச்சான். இன்றுவரை திறக்கவில்லை.

லேபிலோ அதன் பிறகு போன் மணி ஓயவில்லை. முதலில் யாரும் புகாராகச் சொல்லவில்லை. டாக்டர்கள் எல்லோரும் எங்கள் வார்த்தையை நம்பி, புதுசு அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனிதர்களும் எவ்வளவு நல்லவர்கள் தெரியுமா, வேறொருவர் பல்லை வாயில் மாட்டிக்கொண்டு பழகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பஸ் கண்டக்டர் விசில் ஊதினால் விசிலோடு பல்லும் சேர்ந்து வந்தது. ஒரு கோர்ட் குமாஸ்தா சிரிக்கவே தெரியாத மனிதர், அவருக்குப் பெரிய பல்லாகப் போய் உதடு மூட முடியாமல், சாவு வீட்டில் ஈ என்று நின்று அடி வாங்காத குறை. எல்லாம் வெளியே வந்ததும் முதலாளி என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, நான்தான் இரண்டு முறை சேவ் செய்திருக்கிறேனே. அனுப்பியதையெல்லாம் திரும்ப வாங்கி, அலமாரியில் இருக்கும் வாய் அச்சுகளில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த அச்சின் அடியில் மாவுக்காரர் பென்சிலால் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து உரியவருக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நீ சொல்லிக்கொடுத்த பில்டர் என்ற சல்லடையைப் போட்டு, ஒவ்வொரு கிளினிக்காகத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் வந்த பெயர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி வாங்கிவிட்டோம். ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தால் மற்ற எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள். முதல் தடவை அவர்களையும் அழித்துவிட்டேன் என்று நினைத்து மேசையில் தலையைச் சாய்த்துவிட்டேன், மாவுக்காரர்தான் தண்ணீர் கொடுத்தார். எல்லாம் சேர்ந்தது, எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. ஒரு பாட்டு டீச்சருடைய அச்சு இருக்கிறது, அதற்குப் பல் இல்லை. ஒரு பல்செட் இருக்கிறது, அதற்கு அச்சு இல்லை. அந்த அனாதைப் பல்செட்டை முதலாளி என் கையில் கொடுத்து, "யாருதுன்னு கண்டுபிடிங்க. பாட்டு டீச்சர் பல்லு இந்த வாரம் வரலைன்னா, அடுத்த வாரம் நீங்களும் வர வேண்டாம்" என்றார். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். யாருடையதோ தெரியவில்லை, என்ன அகலமான தாடை. பேசிப் பேசியே விரிந்த வாயாக இருக்க வேண்டும். பாட்டு டீச்சர் பாவம், வகுப்பை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாராம். போன் செய்தால் ச, ப எதுவும் வராமல் காற்றுதான் வருகிறது.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு மௌனம். மாமா காலையில் எழுகிறார், பேப்பர் படிக்கிறார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பால் மட்டும் குடிக்கிறார். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் கையால் வேண்டாம் என்கிறார். "அப்பாவை என்ன சொன்னீங்க?" என்று உன் அக்கா கேட்கிறாள். சொன்னதைச் சொன்னேன். அவளும் அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளிடம் லேப் நிலவரத்தைச் சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு புகார் வந்தா போதும், என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றேன். மாமா அங்கேதான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அறிவிப்புகூடச் செய்யவில்லை. மறுநாள் போய் டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், மச்சான். கதவருகில் நின்று, "அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன் மாமா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மன்னித்தேன் என்பதற்கா, மாட்டேன் என்பதற்கா, புரியவில்லை.

நேற்று சாயங்காலம் வேண்டுமென்றே தாமதமாக வந்தேன். வாசலில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்றேன். எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்து சேர்ந்தால், வந்து சேர்ந்த மாதிரியே இல்லை. இத்தனை வருடமாக அந்த மனிதர் பேச்சைக் கேட்டு எரிச்சல்பட்டவன் நான். வேலையும் போய், எரிச்சலும் போனால், எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று நீயே சொல். அதனால்தான் கேட்கிறேன். அவர் அங்கே வந்தால் இரண்டு நாள் வைத்திரு, பேசிப் பார், எனக்காக இல்லாவிட்டாலும் உன் அக்காவுக்காக, திருப்பி அனுப்பி வை.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். ஆகவே தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழ வேண்டும், பிள்ளைகள் படிப்பில் முன்னேற வேண்டும், அவர்கள் எக்காலத்திலும் பிறருக்குப் போனில் பாடம் எடுக்காமல் இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். தங்கள் துணைவியாருக்கு என் அன்பைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நன்மையையே கோரும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே நம்பிவிடாதே. கடிதத்தை மடிப்பதற்காக அதன் மேலிருந்த மாமாவின் மேல்தாடையை எடுத்து ஓரமாக வைத்தேன். உறையை எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது அந்த அனாதைப் பல்செட்டுப் பெட்டியும் கூடவே வந்து திறந்துகொண்டது. கீழே விழாமல் பிடித்து, நடுங்குகிற கையோடு கிடைத்த இடத்தில் வைத்தேன். கிடைத்த இடம் அந்த அச்சு. டக் என்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. இந்த வேலையில் இருப்பவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். ஷீட்டைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து எடுத்து வந்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேனே, அந்த வரியை நீயே அடித்துவிடு. வரிசைப்படுத்திய பிறகு பார்த்த ஷீட் அது. நீ வெறுமையாக விடச் சொன்ன கட்டம் எந்தக் கிளினிக்கின் கீழும் வராது என்பதால், திரும்ப வாங்கிய கணக்கிலும் மாமா வரவில்லை.

அவர் அறைக்குப் போய், "மாமா, வாயைத் திறங்க" என்றேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு திறந்தார். உள்ளே பாட்டு டீச்சரின் சின்னச் சின்னப் பற்கள். ஈறெல்லாம் புண். அதைக் கழற்றி வைத்து, அவருடையதை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பல் இல்லாத வாயால் நிதானமாகச் சொன்னார். "இன்னும் ஒரு புகார் வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னீங்களே மாப்பிள்ளை. அந்த ஒண்ணு நானா இருக்க வேணாம்னு பாத்தேன். பையன் ஊருக்குப் போய் யார்கிட்டயாவது பல்லைத் தேச்சு ராவிக்கிட்டு வந்துட்டா உங்களுக்குத் தெரியவே வேண்டாம்." அவர் சட்டைப்பையில் திரும்பி வருவதற்கான டிக்கெட்டும் இருந்தது. நான் மேலே இருந்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டார் என்று தோன்றும்படி நான் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் இதைப் போட்டுப் படித்துக்கொள்.

கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டு போய், மறுநாள் முதலாளியிடம் பல் கிடைத்துவிட்டது என்றேன். எங்கே இருந்தது என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. மற்றவற்றை மருந்தில் கழுவிக் கொடுத்ததே பெரிது, இத்தனை நாள் புண் வாயில் ஊறியதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, பாட்டு டீச்சருக்குப் புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றார். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான், மச்சான். இனி எனக்கு எக்செல் வேண்டியதில்லை.

சாயங்காலம் தாமதமாகத்தான் வந்தேன். மாமா தன் சொந்தப் பல்லோடு வாசலில் நின்றார். வேலை போனதைச் சொன்னேன். அவர் கையை வாய்க்கு எதிரே கொண்டுபோனார். "கனிவான கவனத்திற்கு. லேபுக்குப் புறப்பட வேண்டிய மாப்பிள்ளை, நிர்வாகக் காரணங்களால், இன்று முதல் வீட்டிலேயே நிறுத்தி வைக்கப்படுகிறார். இதனால் ஏற்படும் சிரமத்திற்கு" என்றதோடு நிறுத்திவிட்டார். கையை இறக்கி, நடுங்கிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தமா இருக்கு மாப்பிள்ளை" என்றார். சனிக்கிழமை நீ ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டாம்.